பழி ஓரிடம்... பாவம் ஓரிடம்!



"டேய், மலருக்கு ஏதாவது எழுதிக் குடுடா" என்று பேரவைச் செயலாளர் என்னைப் பிடித்தபோது நான் மெஸ்ஸில் இரண்டாவது தடவை சாம்பாருக்கு நின்றுகொண்டிருந்தேன்.

"எனக்குக் கவிதை எல்லாம் வராதுடா" என்றேன்.

"கவிதை வேண்டவே வேண்டாம் சாமி! நிலா மேல பதினெட்டு, அம்மா மேல பன்னிரண்டு வந்து கிடக்கு. நீ டெக்னிக்கலா ஏதாவது எழுது" என்றான்.

டெக்னிக்கலாக எதை எழுதுவது? பாடப் புத்தகத்தில் இருப்பதையே எழுதினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு நேராக குரூப் போட்டோவுக்குப் போய்விடுவீர்கள். (எனக்குத் தெரியாதா? நானும் அப்படித்தானே!) ஆகவே இன்பிளான்ட் டிரெயினிங்கில் எனக்கு நடந்த ஒரு சம்பவத்தை எழுதுகிறேன். இதில் நான் கதாநாயகன் அல்ல. சொல்லப்போனால், வில்லன்!

குட்டி ஜப்பானில் ஒரு மாதம்

நான்காம் செமஸ்டர் முடிந்த விடுமுறையில், மே மாதக் கடைசியில், சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் எனக்கு டிரெயினிங் கிடைத்தது. சிவகாசி என்றால் பட்டாசும் தீப்பெட்டியும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் காலண்டர்களில் ஏராளமானவை அங்கேதான் அச்சாகின்றன. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது அந்த ஊர் வழக்கம். அதனால் ஜூன் மாதத்தில் அச்சகத்தில் யாருக்கும் பேச நேரம் இருக்காது. டிசைன் செக்‌ஷனில் முருகனும் லட்சுமியும் இயற்கைக் காட்சிகளும் கம்ப்யூட்டரில் வரிசையாக நிற்பார்கள்.

"அச்சகத்தில் எலக்ட்ரானிக்ஸ் பையனுக்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். இப்போது பிலிம் எடுத்து பிளேட் போடும் வேலை அங்கே இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து நேராக பிளேட்டில் லேசரால் எழுதுகிறார்கள். டிசைன் முடிந்த பைல் சர்வருக்குப் போகும். அங்கிருந்து நெட்வொர்க் வழியாக பிளேட் ரூமுக்கு வரும்.

அந்த பைல் எவ்வளவு பெரியது தெரியுமா? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 20 அங்குலத்துக்கு 30 அங்குலம் உள்ள ஒரு ஷீட். பிளேட்டுக்கு அங்குலத்துக்கு 2400 புள்ளி வேண்டும். 48,000 பெருக்கல் 72,000. ஏறக்குறைய 346 கோடி புள்ளிகள்! ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றாலும், சுருக்காமல் வைத்தால் ஒரு கலருக்கு 432 மெகாபைட். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு கலர். மொத்தம் 1.7 ஜிகாபைட்டுக்கு மேல். ஒரே ஒரு ஷீட்டுக்கு!

ஜிகாபிட் நெட்வொர்க்கில் விநாடிக்கு 110 மெகாபைட் கிடைத்தால் இது 16 விநாடியில் வந்துவிடும். ஒரு வாய் டீ குடிப்பதற்குள் முடிந்துவிடும் வேலை.

ஆனால் நான் போன சமயத்தில் அப்படி வரவில்லை. தொடங்கும்போது சீறிப் பாயும். மூன்று நான்கு விநாடியில் படுத்துவிடும். அப்புறம் விநாடிக்கு 3 மெகாபைட் என்று நொண்டும். 16 விநாடி வேலைக்குப் பத்து நிமிடம்! பிளேட் ரூம் அக்கா, "இதுக்கு நான் பென் டிரைவை எடுத்துக்கிட்டு மாடிக்கு நடந்தே போயிருவேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மெஷின் ரூமில் பிளேட்டுக்காகக் காத்திருக்கும் பிரிண்டர் அண்ணன்மார்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அச்சு மெஷின் நின்றால் ஒவ்வொரு நிமிடமும் காசு.

நான் சொன்ன தீர்ப்பு

அச்சகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர் ஒரு பி.இ. படித்த சார். நல்ல மனிதர். அவருக்கு வேறு நூறு வேலை. "தம்பி, நீ எலக்ட்ரானிக்ஸ்தானே? பிளேட் ரூம் பிராப்ளம் என்னன்னு பார்த்துச் சொல்லு" என்று என்னிடம் ஒப்படைத்தார்.

எனக்கோ தலை கால் புரியவில்லை! என்னை நம்பி ஒரு வேலை! உடனே பிளேட் ரூம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சர்வருக்கு பிங் போட்டேன். நாலும் போய் நாலும் வந்தன. பைல் காப்பி ஓடும்போது மறுபடி போட்டேன். நூறு பிங்கில் எட்டு தொலைந்தது. மாடியில் இருக்கும் கோர் ஸ்விட்சுக்கே பிங் போட்டேன். (எல்லா செக்‌ஷன் ஸ்விட்சுகளும் வந்து சேரும் நடு ஸ்விட்சுக்குத்தான் அந்தப் பெயர்.) அங்கேயும் சில தொலைந்தன.

பாக்கெட் லாஸ்! கண்டுபிடித்துவிட்டேன்! நம் லேப்பில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? ஓ.எஸ்.ஐ. ஏழு அடுக்கு. கீழிருந்து பார்க்க வேண்டும். முதல் அடுக்கு பிசிக்கல். அதாவது வயர்.

பிளேட் ரூமை ஏப்ரலில்தான் புது இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அங்கிருந்து கோர் ஸ்விட்ச் வரைக்கும் ஏறக்குறைய 70 மீட்டருக்குப் புது கேபிள். போட்டவர் உள்ளூரில் கேபிள் வேலை பார்க்கும் ஒரு அண்ணன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஸ்பிளெண்டரில் பின்னால் ஒரு கேபிள் பெட்டியும், தோளில் ஒரு பையும், பையில் கிரிம்பிங் டூலுமாக வருவார்.

மானேஜர் அண்ணாச்சியின் அறைக்குப் போய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "கேபிள் ஃபால்ட் சார். ஜாயின்ட் சரியில்லை. ரீ-லே பண்ணணும்."

அண்ணாச்சி கணக்குப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். "அந்தக் கேபிள்காரன் பில்லு குடுத்தாச்சா?"

"பாதிதான் அண்ணாச்சி. மீதி பாக்கி இருக்கு."

"நிறுத்தி வையி. அவன் செலவுல புதுசாப் போட்டுத் தரச் சொல்லு."

ஒரே நிமிடத்தில் தீர்ப்பு முடிந்துவிட்டது. அந்த அறையை விட்டு வெளியே வரும்போது நான் என்னவோ உயர்நீதிமன்ற நீதிபதி மாதிரி நடந்து வந்தேன்.

"எதை வச்சுச் சொன்ன?"

அன்று மாலை அந்த அண்ணன் வந்தார். சண்டை போடவில்லை. பகலில் மெஷின் ஓடும், மேலே ஏற முடியாது என்பதால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வேலையை ஆரம்பித்தார். இரண்டு ராத்திரி. கேபிளும் அவர் காசு. உதவிக்கு நான் ஏணி பிடித்தேன். மெஷின் ரூம் கூரையில் தகரச் சூடு அந்த நேரத்திலும் இறங்கவில்லை. பனியன் நனைந்து ஒட்டியது அவருக்கு.

"பாக்கியை இந்த மாசம் வாங்கிரலாம்னு இருந்தேன் தம்பி. ஸ்கூல் திறக்குது பாத்தியா. ரெண்டு புள்ளைக்கும் பீஸு கட்டணும்" என்று ஏணி மேலே இருந்தபடி சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. ஏதோ மழை வரும்போல இருக்கே என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. ஏணியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாம் ராத்திரி ஒரு மணிக்கு வேலை முடிந்தது. டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. பிளேட் ரூமில் பைலைக் காப்பி போட்டோம்.

110... 105... 40... 6... 3.

அதே நொண்டி!

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பீடியைப் பற்றவைக்க வெளியே போனவர், வாசலில் நின்றபடியே கேட்டார்:

"தம்பி, நீ படிச்ச புள்ள. தெரியாமத்தான் கேக்கேன். கேபிள்ல தப்புன்னு நீ எதை வச்சுச் சொன்ன?"

நான் வாயைத் திறந்தேன். பதில் வரவில்லை.

"ஏப்ரல்ல போட்டேன். ஒரு மாசம் நல்லாத்தான் ஓடிச்சு. அக்காவைக் கேட்டுப் பாரு. அப்புறம் இன்னொன்னு. இங்கருந்து சர்வருக்குப் பைல் ஏத்தும்போது சர்ருனு போகுது. அங்கருந்து இறக்கும்போதுதான் மக்கர் பண்ணுது. வயர்ல தப்புன்னா ரெண்டு பக்கமும்தானே படுத்தணும்?"

நண்பர்களே, வைவாவில் எக்ஸ்டர்னலுக்கு முன் எத்தனையோ தடவை திருதிருவென்று முழித்திருக்கிறேன். ஆனால் அன்று முழித்த மாதிரி என்றைக்கும் முழித்ததில்லை. ஜிகாபிட் இணைப்பில் நான்கு ஜோடிக் கம்பிகளும் ஒரே நேரத்தில் இரண்டு திசைக்கும் வேலை செய்கின்றன. இதை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் கெடுவதும் உண்டுதான். ஆனாலும் ஏற்றுவது முழு வேகம், இறக்குவது நொண்டி என்றால் அது எவ்வளவு பெரிய துப்பு! எட்டாவது படித்தவர் கண்ணில் பட்டது என் கண்ணில் படவில்லை.

பொய் சொல்லாத சாட்சி

மறுநாள் காலையில் சாரிடம் போய், "சார், கோர் ஸ்விட்சோட கவுன்ட்டரைப் பார்க்கணும்" என்று கேட்டேன். அவர் லாகின் செய்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை பாக்கெட் வந்தது, போனது, கெட்டது, கைவிடப்பட்டது என்று ஸ்விட்ச் எண்ணிக்கொண்டே இருக்கும். முதலில் எல்லாக் கணக்கையும் பூஜ்யமாக்கினோம். பழைய கணக்கை வைத்துக்கொண்டு பார்த்தால் எந்தத் தப்பு எப்போது நடந்தது என்று தெரியாது. பிறகு ஒரே ஒரு பைலை இறக்கினோம். பிறகு எண்களைப் பார்த்தோம்.

இங்கே இரண்டு எண்கள் முக்கியம்.

ஒன்று, சி.ஆர்.சி. பிழை. பாக்கெட் கிளம்பும்போது அதன் வாலில் ஒரு சரிபார்ப்பு எண்ணை ஒட்டி அனுப்புவார்கள். வாங்குகிறவர் தானும் கணக்குப் போட்டுப் பார்ப்பார். ஒத்துவரவில்லை என்றால் வழியில் கெட்டுவிட்டது என்று அர்த்தம். கேபிள், கனெக்டர் மோசம் என்றால் இந்த எண்தான் ஏறும். கவனியுங்கள்: இதை எண்ணுவது வாங்கும் பக்கம். கோர் ஸ்விட்சிலிருந்து பிளேட் ரூமுக்குப் போகும் பாக்கெட் கெட்டதா என்று கோரைக் கேட்டால் அதற்குத் தெரியாது. பிளேட் ரூமில் இருக்கும் சின்ன ஸ்விட்சைத்தான் கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் பார்த்தோம். இரண்டிலும் பூஜ்யம். அரைகுறை டூப்ளெக்ஸா என்றும் பார்த்தோம். இல்லை, இரண்டு முனையிலும் ஆயிரம், ஃபுல்.

இரண்டு, அவுட்புட் டிராப். பாக்கெட் நல்லபடியாகத்தான் ஸ்விட்சுக்குள் வந்தது. வெளியே போகும் போர்ட்டில் நிற்க இடமில்லை, அதனால் ஸ்விட்சே கீழே போட்டுவிட்டது என்று அர்த்தம். கோர் ஸ்விட்சில் பிளேட் ரூம் போர்ட்டில் இந்த எண் ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது. ஒரே ஒரு பைலுக்கு!

அதாவது தொலைந்த பாக்கெட்டுகள் அந்தக் கேபிளுக்குள் இறங்கவே இல்லை. அந்தக் கேபிள் அவற்றைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பார்க்காத பாக்கெட்டைத் தொலைத்தது என்று அதன் மேல் பழி போட்டிருக்கிறேன் நான்!

குடமும் புனலும்

சரி, ஸ்விட்ச் ஏன் கீழே போட்டது?

"சார், மே மாசம் ஏதாவது மாத்தினீங்களா?" என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"புது சர்வர் வந்துச்சுப்பா. பத்து ஜிகாபிட் ஃபைபர்ல போட்டோம்."

இங்கேதான் விஷயம். 1500 பைட் பாக்கெட் ஒன்று பத்து ஜிகாபிட் வழியில் வந்து சேர 1.2 மைக்ரோ விநாடி போதும். அதே பாக்கெட் ஒரு ஜிகாபிட் வழியில் வெளியேற 12 மைக்ரோ விநாடி ஆகும். பத்து வந்தால் ஒன்று போகும், ஒன்பது காத்திருக்கும். குடத்துத் தண்ணீரை அப்படியே புனலில் கவிழ்த்தால் என்ன ஆகும்? புனல் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான், மீதி தரையில். அந்தப் புனலின் வாய்தான் பஃபர். ஒரு வரிசைக்கு 200 கிலோபைட் இடம் என்று வைத்துக்கொண்டால், அது நிரம்ப ஒரு விநாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். போட்டுப் பாருங்கள், நம் கால்குலேட்டரிலேயே வரும்.

பழைய சர்வர் ஒரு ஜிகாபிட். குடமும் புனலும் ஒரே அளவு. அதனால் சிந்தவில்லை. ஏற்றும்போது பிளேட் ரூமிலிருந்து ஒரு ஜிகாபிட்டில் வந்து பத்து ஜிகாபிட்டில் போகிறது. அதனால் அதுவும் சிந்தவில்லை. அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது!

சாரிடம் ஒரு கிராஃப் இருந்தது. அதில் பிளேட் ரூம் இணைப்பு மிகக் குறைவாகவே பயன்படுவதாகக் காட்டியது. "லைன் காலியாத்தானே இருக்கு?" என்றார். ஆனால் அது ஐந்து நிமிடச் சராசரி. சராசரி ஆழம் மூன்றடி என்று கேள்விப்பட்டு ஆற்றில் இறங்கியவன் கதைதான்! ஐயாயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் நடக்கும் கூத்து ஐந்து நிமிடச் சராசரியில் எப்படித் தெரியும்?

இன்னொன்றும் எனக்கு இடித்தது. பாக்கெட் தொலைவது புதிதல்லவே. ஈதர்நெட் எந்தக் காலத்திலும் "நிச்சயம் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்" என்று சத்தியம் செய்து கொடுத்ததில்லை. தொலைந்ததை மறுபடி அனுப்புவது டி.சி.பி.யின் வேலை. தொலைந்தால், "ஓகோ, வழியில் நெரிசல்" என்று புரிந்துகொண்டு அது வேகத்தைக் குறைக்கும். இந்தப் புத்தி அதற்குச் சும்மா வரவில்லை. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையில், 400 கெஜ தூரம்தான், விநாடிக்கு 32 ஆயிரம் பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. ஆயிரமல்ல, வெறும் நாற்பது! ஏன் என்று ஆராய்ந்துதான் வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும் டி.சி.பி.க்கு நெரிசலில் அடக்கி வாசிக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார்கள். 1988-ல் ஜேக்கப்சனின் கட்டுரை வந்தது. இன்றைக்கும் நாம் இறக்கும் ஒவ்வொரு பைலும் அந்த அடித்தளத்தின் மேல்தான் ஓடுகிறது.

அப்படியானால் டி.சி.பி. சமாளித்திருக்க வேண்டுமே? ஒன்று இரண்டு தொலைந்தால் சமாளிக்கும். கொத்துக் கொத்தாகத் தொலைந்தால் சில சமயம் டைமர் முடியும்வரை சும்மா உட்கார்ந்துவிடும். கால் விநாடி சும்மா இருந்தாலே 30 மெகாபைட் போகக்கூடிய நேரம் வீண். அப்படியென்றால் அந்த வரிசையில் இடம் ரொம்ப ரொம்பக் குறைவாக இருக்க வேண்டும். ஏன்?

சார் ஸ்விட்சின் செட்டிங்கைக் கீழே இறக்கிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடப்பாவமே... இது என் கைங்கர்யம்ப்பா!"

பொங்கலுக்கு முன்னால் அச்சகத்தில் நெட்வொர்க் வழியாகப் பேசும் போன்கள் வந்திருந்தன. குரல் உடையாமல் இருக்க அவர் கோர் ஸ்விட்சில் கியூ.ஓ.எஸ். போட்டிருந்தார். சரியான காரியம்தான். ஆனால் அந்த ஸ்விட்சில் அதைப் போட்டதும் ஒவ்வொரு போர்ட்டின் பஃபரும் நான்கு வரிசைக்காகப் பங்கு பிரிந்துவிட்டது. போனுக்கு ஒரு பங்கு, வீடியோவுக்கு ஒரு பங்கு, இன்னொன்றுக்கு ஒரு பங்கு. சாதாரண பைலுக்குக் கடைசிப் பங்கு. ரிசர்வேஷன் பெட்டி மூன்றும் காலியாகப் போகிறது, அன்ரிசர்வ்டில் கால் வைக்க இடமில்லை! நம் ஊர் ரயிலில் பார்க்காததா?

ஜனவரியில் கியூ.ஓ.எஸ். தனியாக இருந்தபோது பிரச்சினை வரவில்லை. மே மாதம் பத்து ஜிகாபிட் சர்வர் வந்து அதனோடு சேர்ந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நல்ல காரியம். சேர்ந்ததும் வினை. நடுவில் ஏப்ரலில் போட்ட கேபிள், பாவம், ஒன்றும் அறியாதது. மூன்று மாற்றங்களில் நான் கையை நீட்டியது அதன் மேல்தான்.

ஒவ்வொன்றாக...

உடனே செட்டிங்கை மாற்றச் சார் கையை வைத்தார். "சார், முதல்ல நிரூபிச்சிரலாம்" என்றேன். (ஒரு தடவை சூடுபட்ட பூனை!) மதியச் சாப்பாட்டு நேரத்தில் சர்வரைத் தற்காலிகமாக ஒரு ஜிகாபிட் போர்ட்டுக்கு மாற்றினோம். பைல் 17 விநாடியில் இறங்கியது. டிராப் ஏறவில்லை. மறுபடி பத்து ஜிகாபிட். மறுபடி நொண்டி. ஆக, காரணம் உறுதி.

பிறகுதான் வரிசைகளின் பங்கை மாற்றினோம். போனுக்கு முதல் மரியாதை அப்படியே இருக்கட்டும். ஆனால் மற்ற வரிசைகள் காலியாக இருக்கும்போது அந்தப் பொது இடத்தை பைல் வரிசை கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆக்கினோம். ஒரு மாற்றம், ஒரு சோதனை, ஒரு குறிப்பு. ஐந்தாவது சோதனையில் 18 விநாடி. பத்துப் பைல் தொடர்ந்து இறக்கினோம். பத்தும் அப்படியே. பைல் ஓடும்போதே சார் போனில் பேசிப் பார்த்தார். குரல் தெளிவு.

டிராப் முழுக்கப் பூஜ்யமாகிவிட்டதா? இல்லை. அவ்வப்போது சிலது ஏறும். அது தப்பில்லை. அந்தச் சில டிராப்பைப் பார்த்துத்தானே டி.சி.பி. தன் வேகத்தை அறிந்துகொள்கிறது! பஃபரை அளவில்லாமல் பெரிதாக்கினால் பாக்கெட் தொலையாது. ஆனால் நீண்ட கியூவில் நின்று நின்று மற்ற எல்லா வேலையும் தாமதமாகும். ஜிம் கெட்டிஸ் என்ற வல்லுநர் 2010 வாக்கில் இதற்கு "பஃபர்புளோட்", அதாவது பஃபர் வீக்கம், என்று பெயரே வைத்தார். எதுவும் அளவோடு இருக்க வேண்டும், நம் மெஸ் சாம்பார் தண்ணீர் உள்பட.

நான் கோர் ஸ்விட்சுக்கே பிங் போட்டேனே, அது வேறு தனிக் கூத்து. பாக்கெட்டை ஒரு போர்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவது ஸ்விட்சின் தனிச் சில்லு. பிங்குக்குப் பதில் சொல்வது அதன் சி.பி.யு. அதற்கு அது கடைசி முக்கியமான வேலை, நேரம் இருந்தால் சொல்லும். அதில் தொலைந்ததை வைத்து ஸ்விட்சைப் பற்றியோ கேபிளைப் பற்றியோ ஒன்றும் சொல்ல முடியாது.

கஷ்டமான வேலை

நண்பர்களே, இதுவரை சொன்னது சுலபமான பகுதி. கஷ்டமானது அதற்குப் பிறகுதான்.

அண்ணாச்சியின் அறைக்கு மறுபடி போனேன். இந்தத் தடவை நெஞ்சு நிமிரவில்லை. "சார், கேபிள்ல தப்பு இல்லை. நான்தான் பார்க்காமச் சொல்லிட்டேன்" என்றேன். கூடவே வந்திருந்த சார், "செட்டிங் என்னோடது அண்ணாச்சி. பையன் மேல மட்டும் தப்பில்ல" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் மறக்க மாட்டேன்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "ஏம்ப்பா, நீ ஒரு வார்த்தை சொன்ன. நான் ஒருத்தன் கூலியை நிறுத்திட்டேன். இதை யாருப்பா திருப்பிக் குடுக்கிறது?"

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அன்றே பாக்கி பில்லைக் கொடுக்கச் சொன்னார். இரண்டாவது கேபிளுக்கான விலையையும் அச்சகமே ஏற்றுக்கொண்டது. ஆனால் இரண்டு ராத்திரிக் கூலி? அது எந்தக் கணக்கிலும் வரவில்லை. நான் கொடுக்க நினைத்தேன். என்னிடம் இருந்தது ஊருக்குப் போகப் பஸ் காசும் கொஞ்சம் சில்லறையும். அதை நீட்டியதும் அண்ணன் சிரித்துவிட்டார்.

"வையி தம்பி. அடுத்த தடவை கேட்டுட்டுச் சொல்லு. அது போதும்."

அவர் முதலில் போட்ட கேபிளைக் கழற்றவில்லை. இரண்டு முனையிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்து, சுருட்டிக் கட்டி, பெர்மனன்ட் மார்க்கரில் "ஸ்பேர் - நல்லது" என்று எழுதி விட்டுப் போனார். அந்த "நல்லது" என்ற வார்த்தையை எனக்காகத்தான் எழுதினாரோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

ரெக்கார்டு நோட்டில் இல்லாதது

உங்களுக்கும் நாளை இன்பிளான்ட் வரும், வேலை வரும். பைல் நொண்டும். அப்போது நினைவில் வைத்துக்கொள்ள என் அனுபவத்திலிருந்து சில வரிகள்:

1. "எப்போதிலிருந்து? அதற்கு முன் என்ன மாறியது?" இது முதல் கேள்வி. கருவியைத் தொடுவதற்கு முன்பே கேளுங்கள். அங்கே தினமும் வேலை பார்ப்பவரிடம் கேளுங்கள்.

2. ஏற்றிப் பாருங்கள், இறக்கிப் பாருங்கள். எந்தத் திசையில் கெடுகிறது என்பது பாதி விடை.

3. கவுன்ட்டரைப் பூஜ்யமாக்கி, ஒரு சோதனை செய்து, அப்புறம் படியுங்கள். சி.ஆர்.சி. ஏறினால் வயர் பக்கம் போங்கள். அவுட்புட் டிராப் ஏறினால் வயரை விட்டுவிட்டு வேகத்தையும் வரிசையையும் பாருங்கள்.

4. இணைப்பின் இரண்டு முனையையும் பாருங்கள். ஒரு பக்கச் சாட்சி போதாது.

5. சராசரியை நம்பி ஆற்றில் இறங்காதீர்கள்.

6. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். எழுதி வையுங்கள்.

ஏழாவது ஒன்று உண்டு. அது நெட்வொர்க் பற்றியது அல்ல.

சர்வரைச் சந்தேகிக்கவில்லை நான். அது விலை உயர்ந்தது. சார் போட்ட செட்டிங்கைச் சந்தேகிக்கவில்லை. அவர் பி.இ. நான் சந்தேகித்தது எட்டாவது படித்தவர் போட்ட கேபிளை. கீழடுக்கிலிருந்து பார்க்க வேண்டும் என்று படித்தேன் அல்லவா? நான் பார்த்தது ஓ.எஸ்.ஐ. அடுக்கை அல்ல, மனிதர்களின் அடுக்கை! "டிப்ளமோ தானே" என்று யாராவது நம்மைச் சொன்னால் நமக்கு எப்படி எரிகிறது! அதையே நான் ஒருவருக்குச் செய்தேன், அவர் ஏறிய ஏணியைப் பிடித்துக்கொண்டே.

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். நெட்வொர்க்கில் அந்த இரண்டும் எங்கெங்கே என்று காட்ட கவுன்ட்டர் இருக்கிறது. மனிதர்கள் விஷயத்தில் நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே நண்பர்களே, கையை நீட்டுவதற்கு முன் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். எண்ணி முடித்த பிறகும், எதிரே நிற்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்கு விடையே தெரிந்திருக்கலாம்!

படித்து முடித்துக் கிளம்பும் மூன்றாம் ஆண்டு நண்பர்கள் அனைவருக்கும் நல்ல வேலை அமைய வாழ்த்துக்கள். அரியர்ஸ் வைத்திருப்பவர்களுக்கு (என்னையும் சேர்த்து) சிறப்பு வாழ்த்துக்கள்!

- மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை